இதய சி.டி. ஸ்கேன்: தெளிவான படமும் அளவான கதிர்வீச்சும்

இதய சி.டி. ஸ்கேன் எடுக்க வருவோர் பலர், "கதிர்வீச்சை இன்னும் குறைக்க இயலாதா?" என்று வினவுகின்றனர். இயலும், ஆனால் ஓர் எல்லை வரை மட்டுமே.

இதயத் தமனிகள் சில மில்லிமீட்டர் அகலமே உடையவை, ஓயாது அசைபவை. கதிர்வீச்சை அளவுக்கு மீறிக் குறைத்தால் படம் புள்ளி புள்ளியாகி, அடைப்பு உண்டா இல்லையா என்பதே விளங்காது போகும். அப்போது ஸ்கேனை மீண்டும் எடுக்கவோ, இரத்தக் குழாய்வழி ஆஞ்சியோகிராம் செய்யவோ நேரிடலாம். முதலில் பெற்ற சிறிதளவு கதிர்வீச்சும் வீணாகிவிடும்.

ஆகவே, நோயை அறியப் போதுமான அளவையே மருத்துவர்கள் தேர்கின்றனர். மெலிந்த உடலினருக்கு எக்ஸ் கதிர்க் குழாயின் மின்னழுத்தம் 120 கிலோவோல்ட்டிலிருந்து 100 அல்லது அதற்கும் கீழாகக் குறைக்கப்படுகிறது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 என்ற அளவில் சீராக இருப்பின், இரு துடிப்புகளுக்கிடையே இதயத்தின் அசைவு மிகக் குறைந்திருக்கும் கணத்தில் மட்டும், ஈ.சி.ஜி. துணையுடன் கதிரைச் செலுத்தலாம். துடிப்பு விரைந்தால் கதிர் கூடுதல் நேரம் பாய வேண்டியிருக்கும். இத்தகைய முறைகளால், 2007-க்கும் 2017-க்கும் இடையே இப்பரிசோதனையின் கதிர்வீச்சு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்ததைப் பன்னாட்டு ஆய்வுகள் காட்டின.

இதில் நோயாளியின் பங்கும் உண்டு. பரிசோதனைக்கு முன் காப்பி, தேநீரைத் தவிர்த்தல், துடிப்பைத் தணிக்கத் தரப்படும் மாத்திரையை உரிய நேரத்தில் உட்கொள்ளுதல், சொல்லும்போது மூச்சை அடக்கி அசையாதிருத்தல் ஆகியவை படத்தைத் தெளிவாக்கும். கதிர்வீச்சைக் குறைக்கவும் உதவும். ஆஸ்துமா இருப்பினும், கருவுற்றிருப்பினும், அண்மையில் வேறு ஸ்கேன் எடுத்திருப்பினும் முன்னரே தெரிவியுங்கள்.