உயிரோடு இருப்பதை யார் நிரூபிப்பது?

மத்திய அரசு ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்று தர நவம்பர் 30 கடைசி நாள். வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் குழப்பம் இதுதான்: மாதாமாதம் வங்கிக்குப் போய் வருகிறவர், மேலாளருக்கே முகம் தெரிந்தவர், அவருக்கும் சான்று இல்லையென்றால் பணம் ஏன் நிற்க வேண்டும்?

பதில் தர்க்கத்தில் இருக்கிறது. ஒரு செய்தி பதிவில் இல்லையென்றால் அது பொய் என்றே எடுத்துக்கொள்வது கணினித் துறையின் பழைய ஏற்பாடு. 1978-இல் ரேமண்ட் ரைட்டர் இதற்கு 'மூடிய உலக அனுமானம்' என்று பெயரிட்டார். நிரூபிக்க முடியாததை 'இல்லை' எனக் கொள்ளும் விதிக்கு அதே ஆண்டு கீத் கிளார்க் தர்க்க அடிப்படை தந்தார். ரயில் முன்பதிவுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். பட்டியலில் பெயர் இல்லையா, இருக்கை இல்லை. இருக்கையைத் தருவதே அந்தப் பட்டியல்தானே!

ஓய்வூதியத்துக்கும் இதே விதிதான். ஆனால் உயிரை எந்தப் பட்டியலும் தருவதில்லை. ரேகை தேய்ந்துபோன முதியவர் சான்றுக்காகக் கருவியில் விரலை அழுத்தி அழுத்திப் பார்க்கிறார், ஏற்கவில்லை. அவர் இருக்கிறார் என்ற வரி பதிவாகவில்லை. டிசம்பரிலிருந்து பணம் நிற்கிறது. "இறந்ததாகச் சொல்லவில்லை, நிறுத்திதான் வைக்கிறோம், சான்று வந்ததும் நிலுவையோடு தருவோம்" என்பது அரசுத் தரப்பு விளக்கம். மருந்து வாங்கக் காசில்லாதவருக்கு இதில் என்ன ஆறுதல்?

தெரியாததைக் கொண்டு ஒன்று இல்லை என அறிவது நம் மரபிலும் பழைய விஷயம்தான்: அதற்கான 'அபாவம்' என்ற அளவையை, அதாவது அறியும் வழியை, மணிமேகலையே பட்டியலிடுகிறது. அதை ஏற்ற குமாரில பட்டரின் மீமாம்சை மரபு ஒரு நிபந்தனையும் வைத்தது: இருந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும் என்ற நிலையில்தான், தெரியாததை இல்லை எனலாம். ரேகையைப் படிக்கவே முடியாத கருவிக்கு அந்தத் தகுதி கிடையாது.

சாட்சியச் சட்டமும் இதே நிபந்தனையைக் கேட்கிறது. பாரதிய சாட்சிய அதினியம் 111-ஆம் பிரிவின்படி, ஒருவர் உயிரோடிருந்தால் இயல்பாகவே அறிந்திருக்கக் கூடியவர்களுக்கு 7 ஆண்டுகள் தகவலே இல்லாதபோதுதான், அவர் இருக்கிறார் என்று நிரூபிக்கும் சுமை அப்படிச் சொல்பவர்மேல் விழும். ஓய்வூதியக் கணக்கோ ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சுமையை முதியவர் தலையில் ஏற்றுகிறது.

மோசடியைத் தடுக்கச் சரிபார்ப்பு தேவைதான். ஆனால் இறப்புப் பதிவேடு அரசிடமே இருக்கிறது. பணத்தை நிறுத்துமுன் அதைப் பார்ப்பதும், வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்புவதும் அரசின் கடமையாக வேண்டும்.

மற்ற கேள்விகள்:

80 வயது கடந்தவர்கள்? அக்டோபர் 1 முதலே தரலாம்.

ரேகை விழவில்லையா? கைபேசியில் முகத்தைக் காட்டியே சான்று பெறலாம். 2021 முதல் இந்த வசதி உண்டு.

நடமாட முடியாதவர்கள்? தபால்காரரை வீட்டுக்கு அழைக்கலாம்.

பி.எஃப். ஓய்வூதியர்கள்? நவம்பர் கெடு இல்லை. கடைசியாகத் தந்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும்.

சான்று எண் வந்தால் போதுமா? போதாது. ஓய்வூதியம் வழங்கும் அலுவலகம் அதை ஏற்றதா, நிராகரித்ததா என்று வாழ்நாள் சான்றுக்கான ஜீவன் பிரமாண் இணையதளத்தில் அவசியம் பார்த்துவிடுங்கள்.