காலிங் பெல் அடித்தது... மகன் பெயரில் பிறந்தது ஒரு சட்டம்!

2020 ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், நீதிபதி எஸ்தர் சாலஸ் வீட்டு காலிங் பெல் அடித்தது. கூரியர் ஊழியர்போல வந்தவர் துப்பாக்கியால் சுட்டதில், 20 வயது மகன் டேனியல் உயிரிழந்தார். கணவர் மார்க் படுகாயமடைந்தார். சுட்டவர், எஸ்தர் விசாரித்த ஒரு வழக்கில் ஆஜரான வழக்கறிஞர். நீதிபதியின் வீட்டு முகவரி உட்பட பல விவரங்களைத் திரட்டி வைத்திருந்தார்.

ஒரே பிள்ளையைப் பறிகொடுத்த தாய், நீதிபதிகளின் முகவரி இப்படி இணையத்தில் கிடைப்பதற்கு முடிவுகட்டச் சொல்லிப் போராடினார். அதே ஆண்டு நவம்பரில் நியூ ஜெர்சியில் வந்தது 'டேனியல் சட்டம்'.

நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள், போலீஸார் ஆகியோர் கேட்டுக்கொண்டால், அவர்களின் வீட்டு முகவரியையும் வெளியிடாத போன் நம்பரையும் 10 வேலை நாள்களுக்குள் இணையத்திலிருந்து நீக்க வேண்டும். மறுத்தால், ஒவ்வொரு மீறலுக்கும் குறைந்தது 1,000 டாலர் இழப்பீடு கோரி வழக்குப் போடலாம்.

'இது பேச்சுரிமைக்கு எதிரானது' என்று தகவல் விற்கும் நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போயின. டேனியல் பெயரிலேயே 2022 டிசம்பரில் நாடு முழுமைக்குமான சட்டமும் வந்தது. ஆனால், அது ஃபெடரல் நீதிபதிகளுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும்தான்.

குற்றவாளிகளைப் பிடிக்கும் போலீஸ்காரருக்கும், வாதாடும் அரசு வழக்கறிஞருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களே!