நாலு பேருக்கும் சம பங்கு!
31 ஆண்டுகள் உடையாத "ஆர்.இ.எம்." கூட்டு

கூட்டாகத் தொழில் தொடங்குகிறவர்கள் பிரிவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பணம், மற்றொன்று பெயர். பாட்டுக் குழுக்களும் இதற்கு விலக்கல்ல. இந்த இரண்டுக்கும் ஆரம்பத்திலேயே வழி செய்துகொண்ட ஒரு குழு அமெரிக்காவில் இருந்தது. அதன் பெயர் "ஆர்.இ.எம்."

பழைய தேவாலயத்தில்...

ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்று ஒரு பல்கலைக்கழக ஊர். அங்கே ஓவியம் படித்துக்கொண்டிருந்தவர் மைக்கேல் ஸ்டைப். இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்த பீட்டர் பக் அவருக்கு நண்பரானார். மைக் மில்ஸ், பில் பெர்ரி என்ற பள்ளித் தோழர்கள் இருவரும் அவர்களோடு சேர்ந்தார்கள். ஸ்டைப் பாடுவார். பக்குக்குக் கிதார், மில்சுக்கு பேஸ் கிதார், பெர்ரிக்கு டிரம்.

1980 ஏப்ரல் 5-ந் தேதி, வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தில் நடந்த பிறந்த நாள் விருந்தில் முதன்முதலாக மேடை ஏறினார்கள். பிறகு படிப்பை விட்டுவிட்டு, வேனில் ஊர் ஊராகச் சென்று பாடினார்கள்.

பெரிய வானொலி நிலையங்கள் இவர்களைக் கண்டுகொள்ளவில்லை. கல்லூரி மாணவர்கள் நடத்திய சிறு நிலையங்கள்தான் ஆதரித்தன. சந்தைப் போக்கிலிருந்து விலகி நின்ற இத்தகைய இசைக்குத்தான் "ஆல்டர்னேட்டிவ் ராக்" என்று பெயர் வந்தது. 1983-ல் வெளிவந்த "மர்மர்" இசைத்தட்டை அந்த ஆண்டின் சிறந்த இசைத்தட்டாக "ரோலிங் ஸ்டோன்" பத்திரிகை தேர்ந்தெடுத்தது.

ஒருவர் மறுத்தாலும் போதும்

மெட்டை யார் போட்டாலும், வரிகளை யார் எழுதினாலும், "பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப்" என்று நான்கு பெயர்களும் சேர்ந்தே அச்சாகும். பாட்டுரிமைப் பணமும் நான்கு சம பங்கு. ஒருவர் "வேண்டாம்" என்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

1991-ல் "லூசிங் மை ரிலிஜன்" பாட்டு உலகமெங்கும் பரவியது. அதைப் படமாக்கியவர் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங். 1996-ல் வார்னர் நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தம் 8 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின.

பிரிவிலும் சம்மதம்

இதற்கிடையே, 1995 மார்ச் 1-ந் தேதி சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பாதி நிகழ்ச்சியில் பெர்ரி நிலைகுலைந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. அறுவை சிகிச்சை உயிரைக் காப்பாற்றியது. மே மாதமே மீண்டும் டிரம் வாசிக்க வந்துவிட்டார்.

ஆனால் 1997-ல் அவர் விலக விரும்பினார். தான் போவதால் குழு கலையுமானால் போகவில்லை என்றும் சொன்னார். மற்ற மூவரும் தொடர்ந்து நடத்த ஒப்புக்கொண்ட பிறகே விலகி, விவசாயம் செய்யப் போனார். அவருடைய இடத்தில் நான்காவது பங்காளியாக யாரையும் சேர்க்கவில்லை. கூலிக்கு டிரம் வாசிப்பவர்களை வைத்துக்கொண்டார்கள்.

2011 செப்டம்பர் 21-ந் தேதி மூவரும் பேசி முடிவெடுத்துக் குழுவைக் கலைத்தார்கள். சண்டை இல்லை, கோர்ட்டு வழக்கும் இல்லை.

2024 ஜூன் மாதம் நியூயார்க்கில், பாடலாசிரியர்களுக்கான கவுரவம் இந்தக் குழுவுக்கு வழங்கப்பட்டது. பெர்ரி விலகி 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. டிரம் வாசித்தவருக்குப் பாடலாசிரியர் மரியாதையா என்று யாரும் கேட்க இடமில்லை. பாட்டுகளில் அவர் பெயர் அன்றே அச்சாகியிருந்தது. அன்று இரவு நால்வரும் ஒரே மேடையில் நின்று "லூசிங் மை ரிலிஜன்" பாட்டை இசைத்தார்கள்.