ட்ரங்குப் பெட்டிக்குள் ஒரு நாடு

பிள்ளை சாதாரண தரப் பரீட்சையை நெருங்கும்போதுதான் பல லயங்களில் ட்ரங்குப் பெட்டி திறக்கப்படுகிறது. அடையாள அட்டை எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதில் அப்பாவின் பெயர் முத்தையா. அப்பாவின் அட்டையில் முத்தியா. சிங்களத்தில் எழுதித் தமிழுக்குத் திரும்பிய பெயர். “திருத்திக்கொண்டு வாங்க” என்ற ஒரு சொல்லோடு, எல்லப் பக்கத்துத் தோட்டத் தாய்க்கு ஒரு நாள் பேர்ச் சம்பளமும் பஸ் காசும் போய்விடுகின்றன.

காகிதம் கேட்டே நாடு பறிக்கப்பட்ட மலையகத் தமிழ்ச் சமூகம் இது. 1947 தேர்தலில் வாக்களித்து, இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் 7 பேரை நாடாளுமன்றம் அனுப்பியவர்களிடம், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்கு. கொழுந்துக் கூடைக்கும் பெரட்டுக்கும் கணக்கு வைத்த தோட்டத்தில் பிறப்புக்கு யார் கணக்கு வைத்தார்கள்? அடுத்த ஆண்டே வாக்கும் போனது. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு பிரித்தார்கள்: 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 1984இல் இந்தியா போகும் தலைமன்னார் கப்பல் நின்றபோது, இந்தியப் பாஸ்போட்டைக் கையில் வைத்துக்கொண்டே பலர் லயத்தில் தங்கிப்போனார்கள்.

1987இல் இலங்கை இரட்டைப் பிரஜாவுரிமைக்குச் சட்டம் செய்தது. வெளிநாட்டில் குடியேறியவர் இரண்டு நாட்டுக்கும் உரியவராகலாம். அந்த ஆண்டிலும் மலையகத்தில் ஒரு நாட்டுக்கும் உரியவராகாமல் இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அந்த நாடற்ற நிலைக்கு ஒரு முடிவு கட்டியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும், இங்கு வாழும் அவர்களின் சந்ததியினரும் இலங்கைப் பிரஜைகள். ஆகவே பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் ‘இந்தியத் தமிழர்’ என்றிருப்பதைக் காட்டி யாராவது உங்கள் பிரஜாவுரிமையைக் கேள்வி கேட்டால், அது இனத்தைச் சொல்லும் கட்டம், நாட்டைச் சொல்லும் கட்டம் அல்ல என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

காகிதங்களின் சங்கிலி இன்று அறுவது குவைத்திலும் சவூதியிலும்தான். வீட்டுவேலைக்குப் போகும் நம் பெண்கள் சிலருக்கு முகவர்கள் வயதையோ பெயரையோ மாற்றிப் பாஸ்போட் எடுத்துக் கொடுக்கிறார்கள். அங்கே குழந்தை பிறந்தால் அதன் பத்திரத்தில் பதிவது அந்த மாற்றுப் பெயர். பிறகு தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள உறவைக் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இராது. அந்த நாடுகள் தங்கள் மண்ணில் பிறந்தது என்பதற்காக மட்டும் குழந்தைக்குக் குடியுரிமை தருவதில்லை. நம் சட்டம் தரும். முன்பு தகப்பன் வழியில் மட்டுமே கிடைத்ததை, அதே 2003இல் செய்த திருத்தம் தாய்க்கும் கொடுத்தது. ஆனால் பிறந்து ஓராண்டுக்குள் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் பதிய வேண்டும். ஓராண்டு தாண்டினாலும் தாமதத்துக்குக் காரணம் சொல்லி விண்ணப்பிக்கலாம். வெட்கப்பட்டோ பயந்தோ இருந்துவிடாதீர்கள். பிள்ளை மேல் குற்றமில்லை.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டு முகாம்களிலும் இதே வேதனைதான். 1983க்குப் பிறகு அகதியாகப் போன மலையக வம்சாவளியினரும் அங்கே இருக்கிறார்கள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு, 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர் என்று சொல்லி, கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. அந்தத் தேதிக்கு முன் அங்கே பிறந்த உறவினர் இருந்தால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இங்கே செய்ய வேண்டியவை: அடையாள அட்டைக்கு 15 வயது நிறைந்ததும் விண்ணப்பிக்கலாம். பரீட்சை வரும்வரை காத்திருக்க வேண்டாம். பிறப்பு பதியப்படவே இல்லையென்றால் பிரதேச செயலகத்திலுள்ள மாவட்டப் பதிவாளரிடம் காலங்கடந்த பதிவு கேளுங்கள். வயதானவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்றொரு வழி உண்டு. எல்ல, பண்டாரவளை, ஹாலிஎல, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை, மீகஹகிவுல ஆகிய பிரிவுகள் 1999இல் வர்த்தமானியில் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. தமிழில் படிவம் கேட்பதும் தமிழில் பதில் கேட்பதும் சலுகை கேட்பதாகாது. கோப்பு எங்கே தேங்கிக் கிடக்கிறது என்று தெரியாவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

உரிமை மறுக்கப்பட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு 1 மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டுவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. உயிர்களோடு எத்தனையோ பத்திரங்களும் போயின. தப்பி ஓடியவருக்குப் பெட்டியைத் தூக்க நேரமேது? அடுத்த மழைக்கு முன் பெட்டியிலுள்ள ஒவ்வொரு பத்திரத்தையும் போனில் படம் எடுங்கள், போட்டோக்கொப்பி எடுங்கள். ஒரு கட்டு, வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும்.