அறுபத்தைந்து கேப்டன்கள்

புதிய விதிகளின்படி விமானங்களை ஓட்டத் தேவையான கேப்டன்கள் 2,422 பேர். இருந்தவர்களோ 2,357 பேர். 2025 டிசம்பரில் இண்டிகோ நிறுவனம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம் (டிஜிசிஏ) சொன்ன கணக்கு இது. குறை 65 பேர்தான், நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. துணை விமானிகளான ஃபர்ஸ்ட் ஆபிசர்கள் தேவைக்குச் சற்று அதிகமாகவே இருந்தார்கள். ஆனாலும் அந்த டிசம்பர் 3 முதல் 5 வரையிலான மூன்று நாட்களில் 2,507 விமானங்கள் ரத்தாயின, 1,852 விமானங்கள் தாமதமாயின. சென்னை, பெங்களூரு, ஐதராபாத், டெல்லி எனப் பல விமான நிலையங்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கித் தவித்தார்கள்.

வெறும் 65 பேர் குறைந்ததற்கு நாடே நிற்குமா? நின்றது. உபரி ஆள் என்று ஒருவர்கூட இல்லாதபடி ரோஸ்டர் போட்டிருந்தால் அப்படித்தான் நடக்கும். ஒரு கேப்டனின் பணி நேரம் முடிந்துவிட்டால் அவர் ஓட்டவிருந்த அடுத்த விமானம் நிற்கும். அந்த விமானத்துக்காக அடுத்த ஊரில் காத்திருக்கும் குழுவின் பணி நேரமும் வீணாகும், அவர்கள் ஓட்டவேண்டிய விமானமும் நிற்கும். டிஜிசிஏ நடத்திய விசாரணையும் இதையே சொன்னது: இயக்கத்தை எல்லைவரை இறுக்கிப் பிழிந்திருந்தார்கள், புதிய விதிகளுக்குப் போதிய ஆயத்தம் செய்யவில்லை. 2026 ஜனவரியில் அந்நிறுவனத்துக்கு 22.20 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

விதிகள் திடீரென வந்து விழுந்தவை அல்ல. விமானிகளின் ஓய்வை அதிகரிக்கும் திருத்தத்தை டிஜிசிஏ 2024 ஜனவரியிலேயே வெளியிட்டுவிட்டது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாகும். நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை என்றிருந்த ‘இரவு’ 6 மணி வரை நீளும். இரவுப் பணியில் ஆறு முறை தரையிறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறையும். 2024 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வரவேண்டிய இவற்றை, விமான நிறுவனங்களின் எதிர்ப்புக்குப் பிறகு தள்ளிவைத்தார்கள். விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடத்திய வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 22 பிரிவுகளில் 15 பிரிவுகள் 2025 ஜூலை 1 அன்றும், மீதி நவம்பர் 1 அன்றும் அமலுக்கு வந்தன.

அந்த ஆண்டின் குளிர்கால அட்டவணை தொடங்கியது அக்டோபர் 26 அன்று. ஓய்வு விதிகளின் கடினமான பகுதி அமலாக ஆறு நாட்களே இருந்த நேரத்தில், முந்தைய கோடை அட்டவணையைவிடச் சுமார் 6 விழுக்காடு கூடுதலாக, வாரத்துக்கு 15,014 புறப்பாடுகள் கொண்ட அட்டவணையுடன் இண்டிகோ பறக்கத் தொடங்கியது. அந்த அட்டவணைக்கு அனுமதி அளித்ததும், ஓய்வு விதியை எழுதியதும் ஒரே அலுவலகம். புறப்பாடுகளின் எண்ணிக்கையையும் விமானிகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அங்கே ஒருவர்கூட இல்லாமல் போனது எப்படி என்ற கேள்வி, அபராதம் கட்டியதால் தீர்ந்துவிடாது. நவம்பரிலேயே 1,232 விமானங்களை அந்நிறுவனம் ரத்து செய்திருந்தது. அவற்றில் 755 விமானங்கள் விமானிகள் பற்றாக்குறையாலும் பணி நேர விதிகளாலும் ரத்தானவை. டிசம்பருக்கு ஒரு மாதம் முன்பே மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது.

இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தும் ஆள் எடுப்பதை நிறுத்திவைத்தார்கள், சம்பளத்தை முடக்கினார்கள், ஒரு நிறுவனத்தின் விமானியை மற்றொரு நிறுவனம் எடுக்காமல் தங்களுக்குள் ஏற்பாடு செய்துகொண்டார்கள் என்று இந்திய விமானிகள் கூட்டமைப்பு குற்றம்சாட்டியது. நெருக்கடியின் உச்சத்தில் டிஜிசிஏ செய்ததோ, இரவுப் பணி விதிகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கொடுத்தது. வார ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்குக் காட்டக்கூடாது என்ற உத்தரவையும் திரும்பப் பெற்றது. ஆயத்தம் செய்யாத நிறுவனத்துக்கு ஓய்வு விதியிலிருந்து விடுதலை கிடைத்தது. அந்த ஓய்வைப் பெறவேண்டிய விமானி காத்திருக்க வேண்டியதாயிற்று.

விமானிகள் கேட்பது சொகுசு என்று நினைப்பவர்கள், 5 மணிக்கும் 6 மணிக்கும் இடைப்பட்ட அந்த ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மனித உடலின் கடிகாரத்தில் விழிப்பு மிகக் கீழே இறங்கும் நேரம் அதிகாலை 2 முதல் 6 வரை. 2010 மே 22 காலை 6 மணி கடந்து சில நிமிடங்களில், துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரு ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். காக்பிட் ஒலிப்பதிவின் முதல் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் கேப்டன் உறங்கிக்கொண்டிருந்தார். குறட்டைச் சத்தம் அதில் பதிவாகியிருக்கிறது. விமானம் அளவுக்கு மீறிய உயரத்தில் வருகிறது, தரையிறங்க வேண்டாம், மறுபடி மேலேறுங்கள் என்று துணை விமானி சொல்லியும் கேப்டன் இறக்கினார். நீண்ட தூக்கத்திலிருந்து எழுந்தவரின் மூளை உடனே தெளிவடையாத நிலை அவரது முடிவுகளைப் பாதித்திருக்கலாம் என்று விசாரணை நீதிமன்றம் எழுதியது. முந்தைய நாள் இரவு மங்களூரிலிருந்து புறப்பட்டுத் துபாய் போய், அதே குழு திரும்பி ஓட்டிவந்த விமானம் அது. அந்தப் பணி, அனுமதிக்கப்பட்ட நேர வரம்பை மீறியதாக இருக்கவில்லை. தாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ரோஸ்டரில் ‘காலை 4 மணி ரிப்போர்ட்டிங்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த விமானி 2 மணிக்கு எழுந்தாக வேண்டும். அதற்கு எட்டு மணி நேரம் தூங்கவேண்டும் என்றால் முந்தைய மாலை 6 மணிக்கே கண்ணயர வேண்டும். குழந்தைகள் பள்ளியிலிருந்து வந்து வீட்டுப்பாடம் எழுதும் நேரம், தெருவெல்லாம் ஹாரன் ஒலிக்கும் நேரம். ஓய்வு கொடுத்தாகிவிட்டது என்று கணினி சொல்லும், உடலுக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் திறனுக்குச் சமமாகக் குறைகிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். நம் நாட்டில் கார் ஓட்டுவதற்கே வரம்பு 0.03 விழுக்காடு. குடித்திருக்கிறாரா என்று பார்க்க விமானியை ஊதச் சொல்கிறோம். தூங்கினாரா என்று பார்க்கக் கருவி எதுவும் கிடையாது. ரோஸ்டர் ஒன்றுதான் அதற்கான பாதுகாப்பு.

இந்தோனேசியாவில் 2024 ஜனவரி 25 அன்று கெண்டாரியிலிருந்து ஜகார்த்தா சென்ற பாத்திக் ஏர் விமானத்தில் இரு விமானிகளும் ஒரே நேரத்தில் 28 நிமிடம் தூங்கிவிட்டார்கள். துணை விமானியின் வீட்டில் ஒரு மாதமே ஆன இரட்டைக் குழந்தைகள். 153 பயணிகளுக்கும் எதுவும் ஆகவில்லை. அவர்களைக் காப்பாற்றியது எந்த விதியும் அல்ல, கேப்டன் தற்செயலாகக் கண் விழித்ததுதான்.

ஆள் குறைவாக வைத்து அட்டவணையைப் பெரிதாக்கும் நிறுவனத்துக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. வெளிநாட்டு நிறுவனத்தின் விமானத்தை அதன் விமானிகளோடு சேர்த்தே குத்தகைக்கு எடுப்பது. விமானப் பணிப்பெண்கள் உட்பட மொத்தக் குழுவும் வந்தால் வெட் லீஸ், விமானிகள் மட்டும் அங்கிருந்து வந்து கேபின் குழு இங்கே அமைந்தால் டேம்ப் லீஸ். துருக்கியின் கோரெண்டான் நிறுவனத்தின் போயிங் 737 விமானங்களை ஸ்பைஸ்ஜெட்டும் இண்டிகோவும் இப்படி எடுத்திருக்கின்றன. டிக்கெட்டில் இந்திய நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஓட்டுபவர் வேறொரு நாட்டு நிறுவனத்தின் ஊழியர்.

1944 சிகாகோ உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, தன் எல்லைக்குள் இரு ஊர்களுக்கிடையே பயணிகளை ஏற்றிச் செல்ல அந்நிய விமானங்களுக்கு அனுமதி மறுக்கும் உரிமையை ஒவ்வொரு நாட்டுக்கும் தருகிறது. இந்தியா அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததில்லை. வெளிநாட்டு விமான நிறுவனம் இந்திய விமான நிறுவனத்தில் 49 விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருக்க முடியாது. முன்கதவை இத்தனை பூட்டுப் போட்டுக் காத்துவிட்டு, குத்தகை என்ற பெயரில் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம் என்பதே விமானிகள் சங்கங்களின் கவலை.

குத்தகையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பிராட் அண்ட் விட்னி எஞ்சின் கோளாறால் பல ஏ320 நியோ விமானங்கள் தரையில் நின்றன. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியது. இத்தகைய நேரங்களில் சில மாதங்களுக்கு வெளியிலிருந்து விமானம் எடுப்பது நியாயமே. விமானியின் பாஸ்போர்ட்டைப் பார்த்து அவர் திறமையை அளப்பதும் தவறு. என் அச்சம் வேறு: அந்த விமானியின் சோர்வுக்குப் பொறுப்பு யாருடையது? இத்தகைய குத்தகையில் இயக்கப் பொறுப்பும், அதன் மேல் முதன்மைக் கண்காணிப்பும் பொதுவாக விமானத்தைக் கொடுத்த நிறுவனத்திடமும் அதன் நாட்டிடமும்தான் இருக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, ஓட்டல் அறையில் மாதக்கணக்கில் தங்கி, ஒப்பந்தம் நீடிக்குமா என்ற கேள்வியோடு பறப்பவர், ‘இன்று என்னால் முடியாது, தூக்கமில்லை’ என்று யாரிடம் சொல்வார்?

இந்தக் கேள்விக்கு அயர்லாந்து 2011 பிப்ரவரி 10 அன்று விலை கொடுத்தது. பெல்ஃபாஸ்டிலிருந்து கார்க் நகருக்கு வந்த சிறிய விமானம் மூடுபனியில் மூன்றாவது முறை தரையிறங்க முயன்றபோது கவிழ்ந்தது. 12 பேரில் இரு விமானிகள் உட்பட 6 பேர் இறந்தார்கள். டிக்கெட் விற்றது மேங்க்ஸ் 2 என்ற பெயரில், மேன் தீவிலிருந்து. பறக்கும் உரிமம் ஸ்பெயினைச் சேர்ந்த ஃப்ளைட்லைன் நிறுவனத்தினுடையது. விமானத்தையும் விமானிகளையும் தந்தது மற்றொரு ஸ்பானிய நிறுவனம். பயணிகளில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? 2014இல் வெளிவந்த அயர்லாந்து விசாரணை அறிக்கை, விபத்துக்குத் துணைபோன காரணங்களில் விமானிகளின் களைப்பையும், அனுபவம் போதாத இருவரைச் சேர்த்து அனுப்பியதையும், தொலைவில் நடந்த இயக்கத்தை ஸ்பானிய நிறுவனமும் ஸ்பானிய அரசும் சரிவரக் கண்காணிக்காததையும் குறிப்பிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1997 ஏப்ரலில் உள்நாட்டுத் தடங்களை உறுப்பு நாடுகளின் நிறுவனங்களுக்கு முழுமையாகத் திறந்துவிட்டது. ஒரே சட்டம், பொதுவான விதிகள் உள்ள அந்தப் பகுதியிலேயே கண்காணிப்பு இரு நாடுகளுக்கு நடுவில் நழுவி விழுந்தது. இந்தியாவுக்கும் துருக்கிக்கும் இடையில் அப்படிப் பொதுவான சட்டம் ஒன்றும் கிடையாது.

வெளிநாட்டு விமானங்கள் எந்தத் தருணத்தில் உள்நாட்டுத் தடத்துக்குள் வருகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1989 ஆகஸ்டில் ஏறத்தாழ 30 விழுக்காடு சம்பள உயர்வு கேட்ட விமானிகள், காலை 9 முதல் மாலை 5 வரை மட்டுமே பறப்போம் என்றார்கள். ஒரு வாரத்துக்குள் தகராறு முற்றி, அவர்கள் மொத்தமாக ராஜினாமா செய்தார்கள். அப்போதைய பிரதமர் ஹாக்கின் அரசு விமானப் படையின் விமானங்களில் பயணிகளை ஏற்றியது. வெளிநாட்டு விமானங்களும் குழுக்களும் உள்நாட்டுத் தடங்களுக்கு வரவழைக்கப்பட்டன. விமானிகள் தோற்றார்கள், பலர் நாட்டை விட்டே வேலை தேடிப் போனார்கள். அந்தச் சம்பளக் கோரிக்கை நியாயமா என்பது வேறு விவாதம். உள்ளூர் விமானி ‘இதற்கு மேல் முடியாது’ என்று சொல்லும்போது, அவரிடம் பேசத் தேவையில்லாத வசதியை வெளிநாட்டுக் குழு நிர்வாகத்துக்குக் கொடுக்கிறது. நம் நாட்டில் கேப்டன் வேலையை விட ஓராண்டும் ஃபர்ஸ்ட் ஆபிசர் ஆறு மாதமும் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று 2017 முதல் விதி இருக்கிறது. விமானி போக முடியாது, ஓய்வும் தள்ளிப்போகும், அவர் இடத்துக்கு ஆள் வெளியிலிருந்து வரலாம் என்றால், சோர்வைப் பற்றி வாய் திறக்கும் துணிவு எத்தனை பேருக்கு இருக்கும்?

ஃபர்ஸ்ட் ஆபிசர் ஒருவர் பறக்கும் நேரத்தைச் சேர்த்து, தேர்வுகள் எழுதி, பயிற்சி முடித்துக் கேப்டனாக ஆண்டுகள் ஆகும். டிசம்பரில் குறைந்த அந்த 65 பேர், சில ஆண்டுகளுக்கு முன்பே உயர்த்தப்பட்டிருக்க வேண்டியவர்கள். ஒவ்வொரு முறை விதிவிலக்கு கிடைக்கும்போதும், ஒவ்வொரு முறை குத்தகை நீளும்போதும், அந்தப் பயிற்சிக்கான செலவைத் தள்ளிப்போட ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. ஓய்வு விதிக்கு விலக்கும் வெளிநாட்டுக் குழுவும் தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல. இரண்டும் ஒரே பள்ளத்தின் மேல் போட்ட பலகைகள்.

மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அட்டவணை மாறும் நாட்கள். ஒரு நிறுவனம் புறப்பாடுகளின் பட்டியலோடு அனுமதி கேட்டு வரும்போதே, பணியில் உள்ள கேப்டன்கள் எத்தனை பேர், அமலில் உள்ள ஓய்வு விதிப்படி தேவையானவர்கள் எத்தனை பேர், குத்தகை விமானங்களில் வருபவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு எந்த நாட்டின் பணி நேர விதி பொருந்தும் என்ற விவரங்களையும் டிஜிசிஏ கேட்டுப் பெற வேண்டும். அவற்றை அட்டவணையோடு சேர்த்துப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். விமானிகளின் சோர்வு அறிக்கைகளை நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை அளிக்க வேண்டும் என்பது 2024 திருத்தத்திலேயே இருக்கிறது. எத்தனை விமானிகள் சோர்வு என்று எழுதிக் கொடுத்தார்கள், அவற்றில் எத்தனை நிராகரிக்கப்பட்டன என்பதைப் பயணச்சீட்டு வாங்குபவர் அறிய இன்று வழியில்லை. பெயர்களை நீக்கிவிட்டு அந்த எண்களை வெளியிட ஒரு சுற்றறிக்கை போதும்.