கீழாநெல்லியும் சர்க்கரையும்



கண் மஞ்சளித்தால் நம் பக்கத்தில் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். வரப்பில் பிடுங்கி, அரைத்து, மோரில் கலக்கிக் குடித்துவிட்டுப் பத்தியம் இருப்போம். பெரும்பாலான காமாலை தானாகவே இறங்கிவிடும். நல்ல பெயர் செடிக்குப் போய்ச் சேரும்.

ஆனால் ஹெபடைடிஸ் பி வைரஸ் அப்படியல்ல. பிறக்கும்போதோ குழந்தைப் பருவத்திலோ தொற்றினால், அது பெரும்பாலும் கல்லீரலிலேயே குடியிருந்துவிடும். கண் மஞ்சளிக்காது, வலிக்காது. இரத்த தானம் செய்யப் போன இடத்தில்தான் பலருக்குத் தெரியவருகிறது.

1988-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியாகராஜனின் குழு, இந்த வைரஸைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்குடன் சேர்ந்து ஓர் ஆய்வை லான்செட் இதழில் வெளியிட்டது. 30 நாள் கீழாநெல்லிப் பொடி உண்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் பிறகு வேறிடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. அதைக் குடித்துவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்கறேன் ஃபாதர்" என்று பரிசோதனையையே விட்டுவிடுகிறவர்களை நினைத்துச் சொல்கிறோம்.

அவர்கள் கணக்கில் சேர்க்காத ஒன்று சர்க்கரை. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்த வேலை, நடுவில் நாலைந்து டீ, சேவூருக்குத் திரும்பும் வழியில் இரவு பத்து மணிக்குப் பரோட்டா. தொப்பை விழுகிறது, கல்லீரலில் கொழுப்பு படிகிறது. வைரஸ் ஏற்கெனவே செல்களைப் புண்படுத்திக்கொண்டிருக்கும் இடத்தில் கொழுப்பும் அழற்சியை உண்டாக்குகிறது. சர்க்கரை நோயில் மிகுந்து சுரக்கும் இன்சுலின், செல்களைப் பெருகத் தூண்டுகிறது. தைவானில் பி வைரஸ் உள்ளவர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து பார்த்தார்கள். சர்க்கரை, பருமன், இரத்த அழுத்தம் என்று ஒவ்வொன்றாகச் சேரச் சேர, கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடியது. கல்லீரல் சுருங்காமலேயே புற்று வரலாம் என்பதுதான் இந்த வைரஸின் வஞ்சகம். குடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே பி வைரஸ் இருப்பது தெரிந்தவர்கள் வைரஸ் அளவை மட்டும் பார்த்தால் போதாது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் பாருங்கள். இடுப்பைச் சுற்றி நாடா பிடியுங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80-ஐத் தாண்டக்கூடாது. 80 கிலோ இருப்பவர் ஆறேழு கிலோ குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு வெகுவாகக் கரையும். டாக்டர் எழுதிய மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து. 40 தாண்டிய ஆண்களும், 50 தாண்டிய பெண்களும், குடும்பத்தில் கல்லீரல் புற்று கண்டவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும்.

2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இதற்கான பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஒரு நாள் ஷிப்ட் போகும். போகட்டும்.