மேட்டுநிலத்தில் குழந்தை வண்டி விற்பவர்கள் கவனத்துக்கு

ஹட்டன் பக்கம் முச்சக்கர வண்டி என்றால் எவரும் ஆட்டோவைத்தான் நினைப்பார்கள். நான் எழுத வந்தது அதைப் பற்றியல்ல. கைக்குழந்தையை உட்கார வைத்துத் தள்ளிச் செல்லும் சிறிய வண்டியைப் பற்றி. பெட்டியில் 'ஸ்ட்ரோலர்' என்று அச்சிட்டிருக்கும். டவுனில் 'கோகார்ட்' என்று கேட்பார்கள். தோட்டத்திலிருந்து வருபவர்கள் 'புள்ள வண்டி' என்பார்கள். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு சக்கரம், மடித்தால் பிரயாணப் பை அளவுக்கு அடங்கிவிடும். இந்த ரக வண்டியை மலைநாட்டுக் கடைகளில் இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். புறக்கோட்டைக்குச் சாமான் எடுக்கப் போகும் நம் வியாபாரிகளும் நான்கைந்து பெட்டிகளைச் சேர்த்து ஏற்றி வருகிறார்கள். வாங்குவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும் என்பதை ஒரு நஷ்டத்தின் பிறகே நான் கற்றேன். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

வாப்பா காலத்தில் எங்களுடையது வெறும் துணிக்கடை. பிள்ளைச் சாமான் பகுதியை நான்தான் சேர்த்தேன். சில வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு முந்திய ஒரு சனிக்கிழமை, டிக்கோயா பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் இளம் தம்பதி ஒரு வயதுப் பிள்ளையோடு வந்தார்கள். கணவர் கொழும்பில் வேலை, லீவில் வந்திருந்தார். சிவப்பு நிற மூன்று சக்கர வண்டி அவருக்குப் பிடித்துவிட்டது. கடையின் டைல்ஸ் தரையில் அதை உருட்டி, "பாருங்க தம்பி, ஒரு விரலால தள்ளலாம்" என்று காட்டினேன். அந்தத் தங்கச்சி மட்டும், "நானா, எங்க லயத்துப் பக்கம் மேடு பள்ளமா இருக்கும். பரவாயில்லையா?" என்று கேட்டார். "பிரேக் இருக்குதானே தங்கச்சி, பயப்படாதீங்க" என்றேன். பில் போட்டேன். போய்விட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து அவர் மட்டும் வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முன்சக்கரம் வளைந்திருந்தது. லயத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, பிரேக்கை மிதித்துவிட்டு, பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார். மழை விட்ட நேரம். அந்த வண்டியின் பிரேக் ஒரு பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கும் வகை. மற்றச் சக்கரம் உருள, வண்டி திரும்பி, வழுக்கி, கானுக்குள் சரிந்துவிட்டது. பட்டி போட்டிருந்ததால் பிள்ளை வெளியே விழவில்லை. நெற்றியில் சிராய்ப்பு மட்டும். அவர் என்னைத் திட்டவில்லை. "சக்கரம் மட்டும் மாத்தித் தரலாமா நானா?" என்றுதான் கேட்டார். உதிரிச் சக்கரம் என்னிடம் இல்லை, மொத்த வியாபாரியிடமும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

பணம் போனது பெரிதல்ல. அந்தத் தங்கச்சி சரியான கேள்வியைக் கேட்டார். நான் தெரியாமலேயே தெரிந்தவன் போலப் பதில் சொன்னேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

மூன்று சக்கரம் எதற்காக வந்தது?

இன்று நாம் காணும் இலேசான மடிப்பு வண்டிக்கு வழிகாட்டியவர் ஓவன் மக்லாரன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். இரண்டாம் உலகப் போர்க்கால ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கரப் பகுதியை வடிவமைப்பதில் பங்கெடுத்தவர். 1965 இல், குடை போல மடியும் இலேசான அலுமினிய வண்டிக்குக் காப்புரிமை கோரினார். ஓட்டப் பயிற்சிக்கான மூன்று சக்கர வண்டி பிறகு வந்தது. 1984 இல் அமெரிக்காவில் ஃபில் பெக்லர் என்ற பத்திரிகையாளர், தன் மகனையும் கூட்டிக்கொண்டு ஓட்டப் பயிற்சி செய்வதற்காகக் குழந்தை வண்டிக்குச் சைக்கிள் சக்கரம் பூட்டினார். அதிலிருந்து அது தனி வியாபாரமாக வளர்ந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அந்த மூன்று சக்கர வண்டி பெரிய காற்று டயரோடு வந்தது. பெரிய டயர் குழியைத் தாண்டும், அதிர்ச்சியைத் தாங்கும். இப்போது நம் கடைகளுக்கு வரும் சிறிய மடிப்பு வண்டிகளில் மூன்று சக்கரம் இருக்கிறது, பெரிய டயர் இல்லை. உள்ளங்கை அளவுப் பிளாஸ்டிக் சக்கரத்தை வைத்துவிட்டு, கரடுமுரடான பாதைக்கு ஏற்றது போல பெட்டியில் படம் போட்டிருப்பார்கள். படத்தை நம்பி நாமும் வாங்கி விடுகிறோம்.

சிறிய மூன்று சக்கர வண்டியில் நன்மை இல்லாமலில்லை. ஒற்றை முன்சக்கரம் இலகுவாகத் திரும்பும். நெரிசலான கடைவீதியிலும் கடைக்குள்ளும் ஒரு கையால் தள்ளலாம். மடித்தால் ஆட்டோவில் காலடியில் வைக்கலாம், பஸ்ஸில் இடம் பிடிக்காது. சமதரையில் நல்ல வண்டி. மேட்டில்தான் கணக்கு மாறுகிறது. வண்டி மூன்று புள்ளிகளில் நிற்பதால், சரிவில் குறுக்காகத் திருப்பும்போது முன்பக்க மூலையில் தாங்க எதுவுமில்லை, அந்தப் பக்கம் சாயும். கைப்பிடியில் மரக்கறிப் பையைத் தொங்கவிட்டால் பின்னால் கவிழப் பார்க்கும். முன்சக்கரம் கான் மூடியின் இடுக்கில் இறங்கினால் வண்டி அங்கேயே நின்றுவிடும், தள்ளுபவரின் வேகத்துக்கு முன்பக்கம் குத்தும்.

ஆறடிப் பலகைச் சோதனை

குழந்தை வண்டிகளுக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 1888 எனப்படும். பிரேக் போட்ட வண்டி 9 பாகைச் சரிவில் நகராமல் நிற்கிறதா என்று அதில் சோதிக்கிறார்கள். அமெரிக்கத் தரத்துக்கு ஏஎஸ்டிஎம் எஃப் 833 என்று பெயர். பெட்டியில் இவற்றில் ஒன்று அச்சிடப்பட்டிருந்தால் நல்லது. ஆனால் அச்சடிக்க எவராலும் முடியும். அதனால் நாமும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

அதற்கு இயந்திரம் தேவையில்லை. வண்டியின் அகலத்துக்குப் போதுமான, ஆறடி நீளப் பிளைவூட் பலகை ஒன்றை எடுங்கள். ஒரு முனையை ஓரடி உயர்த்தி வையுங்கள். அந்தச் சரிவு 9 பாகையை விடச் சற்றுக் கூடுதலாக வரும். வண்டியில் பத்துக் கிலோ அரிசி மூட்டையை வைத்துப் பட்டியைப் பூட்டுங்கள். ஏறக்குறைய ஒரு வயதுப் பிள்ளையின் பாரம் அது. பிரேக்கை மிதித்துவிட்டு, வண்டியின் முகம் கீழ்ப்பக்கம் பார்க்க ஒருமுறை, மேல்பக்கம் பார்க்க ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். பிறகு பலகையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி மீண்டும் பாருங்கள். நம் ஊரில் தென்மேல் பருவமழை மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை நின்று பெய்யும். உலர்ந்த பலகையில் நின்ற வண்டி ஈரப் பலகையில் வழுக்கினால், அது இந்த ஊருக்கு உதவாது. வழவழப்பான கடினப் பிளாஸ்டிக் சக்கரங்கள்தான் பெரும்பாலும் இப்படி வழுக்கும்.

மொத்தக் கடையில் ஒரு மாதிரியை மட்டும் வாங்கி வந்து இந்தச் சோதனையைச் செய்த பிறகே மிச்சத்துக்கு ஓடர் கொடுங்கள்.

பார்க்க வேண்டிய நான்கு இடங்கள்

முதலாவது பிரேக். ஒரே மிதியில் இரண்டு பின்சக்கரமும் பூட்டப்பட வேண்டும். மிதித்ததும் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். அவுஸ்திரேலியாவில் 2008 முதல் பிரேக் மிதி சிவப்பு நிறத்தில் இருக்க வேண்டும், கைப்பிடியில் மணிக்கட்டில் மாட்டும் பட்டி ஒன்றும் இருக்க வேண்டும் என்பது கட்டாயம். அதன் காரணத்தை 2009 ஒக்டோபரில் உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. மெல்பேர்ன் நகரின் அஷ்பேர்ட்டன் ரயில் நிலைய மேடையில், தாய் கையை விட்ட ஒரு கணத்தில், மூன்று சக்கர வண்டியொன்று உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. ரயிலும் வந்து மோதியது. ஆறு மாதக் குழந்தை சிறு காயத்தோடு தப்பியது. அந்த மேடை பார்வைக்குச் சமதரை போலத்தான் இருக்கும். நம் பக்கம் பார்வைக்கே சரிவு. மணிக்கட்டுப் பட்டி இல்லாத வண்டிக்குத் தையற்காரரிடம் நைலோன் நாடாவில் ஒன்று தைத்து, நானே பூட்டிக் கொடுக்கிறேன். செலவு சொற்பம்.

இரண்டாவது முன்சக்கரம். திரும்பும் சக்கரத்தை நேராகப் பூட்டி வைக்கும் வசதி இருக்க வேண்டும், இறக்கத்தில் அது அவசியம். கழற்றிப் பூட்டும் சக்கரமாக இருந்தால் பூட்டு இறுக்கமாக விழுகிறதா என்று இழுத்துப் பாருங்கள். 2018 பெப்ரவரியில் அமெரிக்க நுகர்வோர் பொருட்கள் பாதுகாப்பு ஆணைக்குழு, பிரிட்டாக்ஸ் நிறுவனத்தின் 'பொப்' மூன்று சக்கர வண்டிகளின் முன்சக்கரம் ஓட்டத்தில் கழல்வதாகச் சட்ட நடவடிக்கை எடுத்தது. குறைபாடு இல்லை என்று நிறுவனம் வாதிட்டது. அதே ஆண்டு நவம்பரில் இணக்கம் ஏற்பட்டு, சக்கரத்தைச் சரியாகப் பூட்டும் முறையை வாடிக்கையாளருக்கு விளக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. விற்கும்போதே பூட்டிக் காட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது பட்டி. இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவில் ஒன்று என ஐந்து முனைப் பட்டியே வேண்டும். இடுப்புப் பட்டி மட்டுமுள்ளதை வாங்காதீர்கள்.

நான்காவது மடிப்பு. விரித்த பின் தானாக மடியாதபடி பூட்டு இருக்கிறதா, மூட்டுகளில் பிள்ளையின் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். 2009 நவம்பரில் மக்லாரன் நிறுவனமே அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் வண்டிகளுக்கு மூட்டு உறை கொடுக்க வேண்டி வந்தது. 12 பிள்ளைகளின் விரல் நுனி மடிப்பு மூட்டில் அகப்பட்டுத் துண்டானதாக முறைப்பாடுகள் வந்திருந்தன. பெரிய பெயருக்கே இந்த நிலை.

இன்னொரு விடயம். உட்காரும் நிலையிலுள்ள வண்டி, தானாக உட்காரத் தொடங்காத பிள்ளைக்குப் பொருந்தாது. ஏறக்குறைய ஆறு மாதம் வரை நன்றாகப் படுக்க வைக்கக்கூடிய வண்டிதான் வேண்டும். குளிருக்குப் பயந்து வண்டி முழுவதையும் போர்வையால் மூடக் கூடாது என்றும் சொல்லிக் கொடுங்கள். காற்றுப் போகும் துளையுள்ள மழை உறையே சரி.

யாருக்கு விற்கலாம்?

இப்போது நான் வாடிக்கையாளரிடம் முதலில் கேட்பது, "வீடு எங்க? ரோட்டிலிருந்து வீட்டுக்குப் படியா, பாதையா?" என்பதுதான். ஹட்டன், நுவரெலியா டவுன்களில் இருப்பவர்கள், கிரகரி வாவிக்கரையிலும் விக்டோரியா பூங்காவிலும் நடக்க ஏப்ரல் சீசனுக்கு வருபவர்கள், வைத்தியசாலைக்கும் கடைவீதிக்கும் ஆட்டோவில் வந்து போகிறவர்கள் ஆகியோருக்கு இந்தச் சிறிய வண்டி பொருத்தம். கிறவல் பாதையில் தினமும் தள்ள வேண்டியவர்களுக்குப் பெரிய டயர் வண்டிதான் சரி. காற்று டயர் என்றால் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டலாம்.

கற்படி ஏறிப் போகும் மேட்டு லயத்துக்கு எந்த வண்டியும் சரிவராது. காலையில் பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போகும் தாய்க்கு, உடம்போடு சேர்த்துக் கட்டும் துணித் தூளிதான் உதவும். அங்கே வண்டி ஒரு மூலையில் கிடக்கும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தபோது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டி 27,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் அது இருபது பேர், அதாவது இருபது நாள் உழைப்பு. மூலையில் கிடக்கப் போகும் சாமானுக்கு அந்தப் பணத்தை வாங்குவது ஹலாலான இலாபமா என்று அவரவர் கல்பைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி, அந்தச் சாமானை வழமையாக விற்கும் வியாபாரியின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே உண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டமும் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது. "பிரேக் இருக்குதானே" என்ற என் பதில் எந்தப் பக்கம் நிற்கும் என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

ஆகவே, பத்துப் பெட்டி இறக்குவதை விட்டு, சோதித்த இரண்டு ரகத்தில் மும்மூன்று இறக்குங்கள். ஒவ்வொரு ரகத்துக்கும் ஓர் உதிரி முன்சக்கரத்தை மொத்த வியாபாரியிடம் கேட்டு வாங்குங்கள். அதைத் தர மறுப்பவரிடம் வண்டியையும் எடுக்காதீர்கள். பற்றுச்சீட்டில் ரகத்தின் பெயரை எழுதிக் கொடுங்கள்.

அந்தத் தங்கச்சி இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகும் நம் கடைக்கே வந்தார். வண்டி கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. ஒரு துணித் தூளியும் இரண்டு கம்பளிச் சட்டையும் எடுத்தார். போகும்போது வாசலில் சாய்த்து வைத்திருந்த ஆறடிப் பலகையைப் பார்த்து, "இது என்னத்துக்கு நானா?" என்று கேட்டார். "நீங்க அன்னைக்குக் கேட்ட கேள்விக்குத்தான் தங்கச்சி" என்றேன்.